கால் படாத பனிமலையை வரைபடமாக்குவது எப்படி?

வரைபடத்தில் ஒரு சிகரத்தின் பக்கத்தில் உயரம் போட்டிருந்தால், யாரோ ஒருவர் அங்கே ஏறிப்போய் அளந்துவிட்டு வந்திருக்கிறார் என்றே பலரும் நினைத்துக்கொள்கிறோம். அநேகமாக அப்படி நடந்திருக்காது. எவரெஸ்ட்டின் உயரத்தை 1856-இல் உலகுக்கு அறிவித்தபோது, இந்திய அளவைத் துறையைச் சேர்ந்த எவரும் அதன் அடிவாரத்தைக்கூட மிதித்திருக்கவில்லை. நேபாளம் உள்ளே விடவில்லை. 160 கிலோமீட்டருக்கும் அப்பால், கொசுவும் மலேரியாவும் மண்டிய தராய்ச் சமவெளியில் நின்று பார்த்துக் கணக்குப் போட்டார்கள். விடை 29,002 அடி, அதாவது சுமார் 8,840 மீட்டர். 2020-இல் உச்சியிலேயே கருவியை வைத்து அளந்து நேபாளமும் சீனாவும் அறிவித்த உயரம் 8,848.86 மீட்டர். ஏறத்தாழ ஒன்பது மீட்டர்தான் வித்தியாசம்.

தொலைவில் நின்றே இப்படி அளக்க எப்படி முடிகிறது? காஷ்மீருக்கு வடக்கே உள்ள காரகோரம் மலைத்தொடரை வைத்துப் பார்ப்பது நல்லது; இந்த வேலையில் நடந்த எல்லாக் கூத்தும் அங்கே நடந்திருக்கிறது. 8,611 மீட்டர் உயரமுள்ள கே2 அங்கேதான் இருக்கிறது. துருவப் பகுதிகளை விட்டுவிட்டுப் பார்த்தால், உலகின் மிக நீளமான பனியாறுகளில் பலவும் அங்கேதான்: சியாச்சென் சுமார் 76 கிலோமீட்டர், பால்டோரோ 60 கிலோமீட்டருக்கு மேல், பியாஃபோவும் ஹிஸ்பரும் ஒரு கணவாயில் முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டு நூறு கிலோமீட்டருக்கும் அதிகமான பனிப்பாதையாக நீள்கின்றன. பனியாறு என்றால் உறைந்துபோய்ச் சும்மா கிடக்கும் ஆறு அல்ல. ஆண்டுக்கணக்கில் விழுந்த பனி இறுகிக் கட்டியாகி, தன் எடை தாங்காமல் பள்ளத்தாக்கு வழியாக மெல்ல வழிந்து இறங்குவது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கட்டைவிரலை முகத்துக்கு நேரே நீட்டி, முதலில் ஒரு கண்ணையும் பிறகு மற்றொரு கண்ணையும் மூடிப் பாருங்கள். பின்னால் உள்ள சுவரோடு ஒப்பிட்டால் விரல் இடம் மாறுவதுபோல் தெரியும். விரலை அருகே கொண்டுவந்தால் அதிகமாகத் தாவும், தள்ளிக்கொண்டு போனால் குறைவாகத் தாவும். எவ்வளவு தாவுகிறது என்று தெரிந்து, இரண்டு கண்களுக்கும் இடையே உள்ள தூரமும் தெரிந்துவிட்டால், விரல் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று கணக்கிட்டுவிடலாம். மலையை அளப்பதும் இதேதான். இரண்டு இடங்கள், அவற்றுக்கு இடையே துல்லியமாக அளந்த ஒரு நேர்கோடு, இரண்டு முனைகளிலிருந்தும் சிகரத்தை நோக்கிய கோணங்கள். அந்தக் கோட்டுக்கு அடிக்கோடு என்று பெயர். கோடும் இரண்டு கோணங்களும் தெரிந்தால் முக்கோணத்தின் மற்ற இரண்டு பக்கங்களும் கிடைத்துவிடும். தூரம் கிடைத்த பிறகு, சிகரம் கண்மட்டத்துக்கு எத்தனை பாகை மேலே தெரிகிறது என்று பார்த்தால் உயரமும் கிடைத்துவிடும். 1802-லிருந்து இன்றுவரை கருவிகள்தான் மாறியிருக்கின்றன. இந்த முக்கோணம் மாறவில்லை.

1802 என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. அந்த ஆண்டு சென்னைப் பரங்கிமலையை ஒட்டிய சமவெளியில் வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய அளவையாளர் ஓர் அடிக்கோட்டை அளந்தார். சுமார் 12 கிலோமீட்டர் தூரத்தை நூறு அடி இரும்புச் சங்கிலியால் அளக்க 57 நாள் ஆனது. வெயிலில் சங்கிலி நீளும் என்பதால் மரப்பெட்டிகளுக்குள் அதைக் கிடத்தி, பக்கத்தில் வெப்பமானிகளையும் வைத்து, ஒவ்வொரு முறையும் திருத்தம் போட்டார்கள். அங்கே தொடங்கிய முக்கோணத் தொடர் ஒன்றின்மேல் ஒன்றாக வடக்கே ஏறியது. வழியில் புதிய அடிக்கோடுகளை அளந்து பிழையைச் சரிபார்த்துக்கொண்டே போனார்கள். 1856-இல் அந்தத் தொடரின் காஷ்மீர்க் கிளையை நடத்திக்கொண்டிருந்த தாமஸ் மாண்ட்கமரி, ஹராமுக் மலைமேல் தியோடலைட் என்ற கோணமளக்கும் கருவியை வைத்துப் பார்த்தபோது, 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இரண்டு உயரமான சிகரங்கள் தெரிந்தன. குறிப்பேட்டில் கே1, கே2 என்று குறித்துக்கொண்டார். முதலாவது மாஷர்பிரம். இரண்டாவது அந்த வரிசை எண்ணோடேயே நின்றுவிட்டது.

அவ்வளவு தூரத்தில் வேறு சில தொல்லைகள் உண்டு. பூமி உருண்டை என்பதால் தொலைவில் உள்ளது அடிவானத்துக்குக் கீழே சரிந்து போகிறது. 200 கிலோமீட்டரில் இந்தச் சரிவு மட்டும் மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மேல். இதைச் சேர்க்க மறந்தால் கே2 சாதாரண ஐயாயிரத்துச் சொச்ச மீட்டர் மலையாகிவிடும். காற்று வேறு ஒளியை வளைத்து மலையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டுகிறது. எவ்வளவு தூக்குகிறது என்பது வெயிலையும் வெப்பத்தையும் பொறுத்தது. அந்தக் கால அளவையாளர்களின் தலைவலி மலையேற்றம் அல்ல, இந்தக் காற்றுத் திருத்தம்தான்.

‘கடல் மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர்’ என்கிறோமே, அந்தக் கடல் எங்கே இருக்கிறது என்றும் கேட்கலாம். இந்தியாவின் உயர அளவைகளுக்கு 1909-இல் ஒன்பது துறைமுகங்களின் சராசரிக் கடல் மட்டத்தை அடிப்படையாக வைத்தார்கள். அவற்றில் சென்னையும் நாகப்பட்டினமும் உண்டு. மலையின் உயரத்தை நாகப்பட்டினத்து அலையிலிருந்து எண்ணத் தொடங்குவது எனக்கு எப்போதும் ஒரு வேடிக்கையான சந்தோஷத்தைத் தருகிறது.

அடிக்கோடு எவ்வளவு நீளம் என்பது ஏன் முக்கியம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். சிகரம் 40 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. உங்கள் அடிக்கோடு ஒரு கிலோமீட்டர். இரண்டு முனைகளிலிருந்தும் பார்க்கும் திசைகளுக்கு இடையே வெறும் ஒன்றரைப் பாகைதான் வித்தியாசம் இருக்கும். அதில் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு தவறினால் போதும், தூரம் சுமார் 470 மீட்டர் தவறிவிடும். அடிக்கோடு பத்துக் கிலோமீட்டராக இருந்தால் அதே தவறு 47 மீட்டராகக் குறைந்துவிடும். குறுகலான பள்ளத்தாக்கின் அடியில், இருபுறமும் செங்குத்துச் சுவர்கள் நெருக்கும் பனியாற்றின்மேல், பத்துக் கிலோமீட்டர் அடிக்கோட்டுக்கு எங்கே போவது? 1909-இல் சியாச்செனின் உண்மையான நீளத்தை உலகுக்குக் காட்டிய டாம் லாங்ஸ்டாஃப், அங்கே கண்ட டெரம் காங்ரி சிகரத்தின் உயரத்தை 27,600 அடிக்கு மேல் என்று கணித்தார். அது சரியாக இருந்திருந்தால் உலகின் மிக உயர்ந்த சிகரங்களின் வரிசையில் ஒன்று கூடியிருக்கும். அடுத்து அளவைத் துறையினர் முறையாக அளந்தபோது மூவாயிரம் அடி காணாமல் போனது. சிகரம் சுமார் 24,500 அடிதான்.

சிகரங்களின் இடமும் உயரமும் எலும்புக்கூடு மட்டுமே. இடையில் இருக்கும் பனியாறு, கிளைப் பனியாறு, முகடு, கணவாய் எல்லாவற்றையும் வரைந்தால்தான் அது வரைபடம். அதற்கு நெடுங்காலம் பயன்பட்டது பிளேன் டேபிள் என்ற எளிய சாதனம்: முக்காலிமேல் பொருத்திய வரைபலகை, அதில் ஒட்டிய தாள், பார்வைத் துளைகள் உள்ள ஓர் அளவுகோல், கூர்மையான பென்சில். வேலை நடக்கும் விதம் இப்படி. அளவையாளர் ஒரு மேட்டில் ஏறிப் பலகையைச் சமமட்டமாக்குகிறார். தாளில் ஏற்கெனவே சில சிகரங்கள் புள்ளிகளாகக் குறிக்கப்பட்டிருக்கும். அளவுகோலை ஒரு சிகரத்தின் புள்ளியில் வைத்து, துளை வழியே நிஜச் சிகரத்தைப் பார்த்து, பின்னோக்கி ஒரு கோடு இழுக்கிறார். இன்னொரு சிகரத்துக்கு இன்னொரு கோடு. மூன்றாவதற்கும் ஒன்று. மூன்று கோடுகளும் ஒரே புள்ளியில் சந்தித்தால் தான் நிற்கும் இடம் அதுதான். சந்திக்காமல் நடுவே ஒரு சின்ன முக்கோணம் விழுந்தால் பலகை கொஞ்சம் திரும்பியிருக்கிறது. திருத்திவிட்டு மறுபடியும் இழுக்க வேண்டும். நின்ற இடம் தெரிந்த பிறகு, கண்ணுக்குத் தெரியும் ஒவ்வொரு முகட்டையும் பனியாற்று வளைவையும் நோக்கி மெல்லிய கோடுகள் போகும். அடுத்த மேட்டிலிருந்து அதே முகடுகளுக்கு மறுபடியும் கோடுகள். இரண்டும் வெட்டும் இடத்தில் முகடு உட்கார்ந்துகொள்கிறது. கவனித்தீர்களா, மறுபடியும் அதே முக்கோணம்; இம்முறை கணக்கே போடாமல் தாளிலேயே தீர்ந்துவிடுகிறது.

இதன் பெரிய நன்மை, வரைபவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டே வரைகிறார் என்பது. பெரிய தீமை, கையுறையைக் கழற்றாமல் பென்சில் பிடிக்க முடியாது என்பதும், மேகம் இறங்கிவிட்டால் அன்றைய பிழைப்பு போயிற்று என்பதும். ஹென்றி காட்வின்-ஆஸ்டின் 1861-இல் பால்டோரோவை இப்படித்தான் வரைந்தார். 1937-இல் மலையேறிகளான எரிக் ஷிப்டன், டில்மன் ஆகியோரோடு காரகோரத்தின் வடபுறத்தில் உள்ள ஷக்ஸ்காம் பள்ளத்தாக்குக்குப் போன மைக்கேல் ஸ்பெண்டரும் ஜான் ஆடனும் அந்த வடபுறத்துப் பனியாறுகளை அளந்து வந்தார்கள். இந்த இருவருமே புகழ்பெற்ற இரண்டு ஆங்கிலக் கவிஞர்களின் அண்ணன்மார் என்பது கொசுறுத் தகவல்.

அளக்காமல் கண்ணால் மதிப்பிட்டு வரைந்தால் என்ன ஆகும் என்பதற்கும் காரகோரத்திலேயே சாட்சி உண்டு. 1892-இல் மார்ட்டின் கான்வே பியாஃபோவின் தலைமாட்டில் ஒரு பரந்த பனிவெளியைக் கண்டு, பனி ஏரி என்று பெயரிட்டு, சுமார் 300 சதுர மைல் இருக்கும் என்று மதிப்பிட்டார். பிற்பாடு முறையாக அளந்தபோது அதில் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சியது. அமெரிக்காவின் வொர்க்மன் தம்பதியர் ஒரு பனியாற்றை வாயிலே இல்லாதது, நாற்புறமும் மலைகளால் அடைபட்டது என்று எழுதிவிட்டார்கள். பனி உள்ளே விழுந்துகொண்டே இருந்து வெளியே போக வழியே இல்லாவிட்டால் அது எங்கே போகும் என்று பலரும் கேட்டார்கள்; சர்ச்சை வருடக்கணக்கில் ஓடியது. 1937-இல் டில்மன் நேரில் போய்ப் பார்த்தார். வாயில் இருந்தது. தொலைவும் பரப்பும் விஷயத்தில் பனிவெளியில் கண்ணை நம்பக் கூடாது: மரமில்லை, வீடில்லை, ஒப்பிட்டுப் பார்க்க மனிதன்கூட இல்லை.

இனி வரைபடத்தை வாசிப்பது. ஒரே உயரத்தில் உள்ள இடங்களையெல்லாம் இணைத்து வரைவது சம உயரக் கோடு. 5,000 மீட்டர் கோட்டின்மேலேயே நடந்தால் ஏறவும் மாட்டீர்கள், இறங்கவும் மாட்டீர்கள். கோடுகள் நெருக்கமாக இருந்தால் செங்குத்து, விலகியிருந்தால் சரிவு குறைவு. இது பள்ளிக்கூடப் பாடம். பனிமலை வரைபடத்தில் இதற்கு மேல் சில விஷயங்கள் இருக்கின்றன. முதலாவது நிறம். பாறையிலும் மண்ணிலும் கோடு பழுப்பு; பனிமேல் ஓடும்போது அதே கோடு நீலமாகிவிடும். எல்லை எங்கே என்பதை நிறமே சொல்லிவிடும். ஆனால் அந்த எல்லையைத் தீர்மானிப்பதில் வரைபவருக்குப் படாதபாடு. பால்டோரோவின் கீழ்ப்பகுதியில் பல கிலோமீட்டருக்கு மேற்பரப்பு முழுவதும் கல்லும் மண்ணும்தான். மேலிருந்து பார்த்தால் கட்டாந்தரை, அடியில் கனத்த பனிக்கட்டி. அங்கே கோட்டைப் பழுப்பில் போடுவதா நீலத்தில் போடுவதா? வெவ்வேறு வரைபடங்கள் வெவ்வேறு பதில் சொல்லியிருக்கின்றன. பழைய வரைபடத்தையும் புதியதையும் பக்கத்தில் வைத்து ‘பனி இவ்வளவு சுருங்கிவிட்டது’ என்று முடிவு கட்டுவதற்கு முன், இரண்டு பேரும் எதைப் பனி என்று எண்ணினார்கள் என்று பார்த்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. பனியாற்றைக் குறுக்கே கடக்கும் நீலக்கோடு நேராகப் போகாது, வளையும். மேல்பகுதியில், மலைப்பக்கமாக உள்வாங்கி வளைந்திருக்கும். கீழ்ப்பகுதியில், பள்ளத்தாக்குப் பக்கமாகப் புடைத்திருக்கும். காரணம் எளிது. மேலே பனி சேரும் இடம். இருபுறச் சரிவுகளிலிருந்து பனி உருண்டு விழுந்து ஓரங்களை உயர்த்திவிடுகிறது, நடு தாழ்ந்து நிற்கிறது. கீழே பனி கரையும் இடம். வெயிலில் சூடேறிய பாறைச் சுவர்கள் ஓரங்களை அதிகம் கரைக்கின்றன, நடு மேடாகிவிடுகிறது. ஆகவே வளைவு எங்கே திசை மாறுகிறதோ, ஏறக்குறைய அங்கேதான் சேரும் பனிக்கும் கரையும் பனிக்கும் கணக்கு நேராகிறது. நூறாண்டுக்கு முந்தைய வரைபடத்தை மேசையில் விரித்து, பென்சிலால் தொட்டு, அந்தப் பனியாறு அன்று எந்த உயரத்தில் வரவுசெலவை நேர்செய்தது என்று சொல்லிவிடலாம். கோடுகள் ஒழுங்காக அளந்து வரைந்தவையாக இருக்க வேண்டும், அவ்வளவே. பழைய படங்களில் விட்டு விட்டு வரைந்த கோடுகள் பார்வைக்கு உருவம் காட்டப் போட்டவை; அவற்றை வைத்துக் கணக்குப் பார்க்க முடியாது.

கேமரா வந்ததும் வேலையின் கடினப் பகுதி மலையிலிருந்து அறைக்கு மாறியது. 1909-இல் இத்தாலியின் அப்ரூசி கோமகன் நடத்திய பயணத்தில் ஃபெடரிகோ நெக்ரோட்டோ பால்டோரோவைப் புகைப்பட முறையில் அளந்தார். 1926-இல் கென்னத் மேசன் ஷக்ஸ்காமுக்குக் கேமராவும் தியோடலைட்டும் இணைந்த கருவியைக் கொண்டுபோனார். இரண்டு இடங்களிலிருந்து ஒரே மலையைப் படம் எடுத்து, ஒன்றை இடக் கண்ணாலும் மற்றதை வலக் கண்ணாலும் பார்த்தால் மலை கனபரிமாணத்தோடு எழுந்து நிற்கும். அந்த எழுந்த உருவத்தின்மேல் ஒரு புள்ளியை ஒரே உயரத்தில் நகர்த்திக்கொண்டே போனால் அதுவே சம உயரக் கோடு. பிற்பாடு விமானத்திலிருந்து, அடுத்தடுத்த படங்கள் அறுபது சதவீதம் ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு எடுத்தார்கள். விமானம் ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் இடையே பறந்த தூரம்தான் இப்போது அடிக்கோடு.

செயற்கைக்கோளும் இதைத்தான் செய்கிறது. 2005 மே மாதம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட கார்டோசாட்-1-இல் இரண்டு கேமராக்கள்: ஒன்று 26 பாகை முன்னோக்கிச் சாய்ந்தது, மற்றது 5 பாகை பின்னோக்கிச் சாய்ந்தது. முன் கேமரா பார்த்த இடத்தையே பின் கேமரா 52 விநாடி கழித்துப் பார்க்கும். 618 கிலோமீட்டர் உயரத்தில், அந்த 52 விநாடிப் பயணம் ஏறத்தாழ 390 கிலோமீட்டர் அடிக்கோடாகிவிடுகிறது. லாம்டன் 57 நாளில் அளந்தது 12.

ஆனால் பனி சும்மா விடுமா? கணினி இரண்டு படங்களிலும் ஒரே புள்ளியைத் தேடிப் பொருத்த வேண்டும்; புதுப்பனி விழுந்த வெளியில் எல்லாமே ஒரே வெள்ளை. எதை எதோடு பொருத்துவது? வெயில் பட்ட பக்கம் கண்ணைக் கூச, நிழல் பட்ட பக்கம் கறுத்துக் கிடக்கும். விளைவு, உயரத் தரவில் பெரிய பெரிய ஓட்டைகள், அதுவும் அளவு மிகவும் தேவைப்படும் மேல்பகுதியில்.

ஆகவே ரேடார். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 60 மீட்டர் நீளக் கம்பம் ஒன்றை நீட்டி, அதன் நுனியில் ஓர் ஆண்டெனா, ஓடத்தில் மற்றொன்று என்று வைத்து, 11 நாள் பயணத்தில் உலக நிலப்பரப்பில் ஐந்தில் நான்கு பங்கை அளந்துவிட்டது. கம்பம்தான் அடிக்கோடு. மேகம், இருட்டு, வெள்ளை எதுவும் ரேடாருக்குப் பொருட்டில்லை. செங்குத்துச் சுவர்களுக்குப் பின்னால் மட்டும் அதற்கும் குருட்டு நிழல் உண்டு. அதைவிடச் சிக்கலான குறை ஒன்றும் இருக்கிறது: உலர்ந்த பனிக்குள் ரேடார் அலை சில மீட்டர் ஊடுருவிப் போய்த் திரும்புகிறது. அதாவது, பனியின் மேற்பரப்பை உள்ளதைவிடத் தாழ்வாகக் காட்டுகிறது. மூன்று மீட்டர் தாழ்த்திக் காட்டியது என்று வைத்துக்கொள்வோம். பத்து ஆண்டு கழித்து ஒளிப்படச் செயற்கைக்கோள் அதே இடத்தைச் சரியாக அளந்தால், பனி துளியும் மாறாமல் இருந்தாலும், மூன்று மீட்டர் வளர்ந்துவிட்டதாகக் கணக்கு சொல்லும். காரகோரத்துப் பனியாறுகள் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இமயத்தின் பிற பகுதிகளைப்போல் மெலியாமல் ஏறக்குறைய நிலையாக இருந்தன என்ற புகழ்பெற்ற முடிவுக்கு வருமுன், ஆய்வாளர்கள் இந்த ஊடுருவலைக் கழிக்கப் பெரும்பாடு பட்டார்கள்.

இங்கேதான் பனியாறு நகரும் பொருள் என்பது குறுக்கே வருகிறது. பாறை முகட்டின் உயரம் நூறாண்டுக்குப் பின்னும் ஏறத்தாழ அதேதான். அதன் அடியில் கிடக்கும் பனி, வேகமான பகுதிகளில் ஆண்டுக்கு நூறு மீட்டருக்கு மேல் நகர்கிறது; மேற்பரப்பு ஏறுகிறது, இறங்குகிறது. ஒரே தாளில் பழுப்புக் கோடுகளுக்கு ஆயுள் அதிகம், நீலக் கோடுகளுக்குக் குறைவு. சில பனியாறுகள் பல்லாண்டு சோம்பிக் கிடந்துவிட்டுத் திடீரென்று பாயும். ஹுன்சா பள்ளத்தாக்கின் ஷிஷ்பர் பனியாறு 2018-இல் அப்படிப் பாய்ந்து இறங்கி, பக்கத்துப் பனியாற்றிலிருந்து வரும் ஓடையை அடைத்தது. அடைபட்ட நீர் ஏரியாகத் தேங்கியது. 2022 மே மாதம் அது உடைத்துக்கொண்டு வந்து, காரகோரம் நெடுஞ்சாலையின் ஹசனாபாத் பாலத்தை அடித்துக்கொண்டு போனது. ஏரியில் எவ்வளவு நீர் இருக்கிறது, உடைந்தால் எந்த வழி போகும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை சம உயரக் கோடுகளில்தான் இருக்கிறது, கோடுகள் அந்த ஆண்டுக்கு உரியவையாக இருந்தால்.

கோட்டை முடிக்காமல் விட்டால் அதற்கும் விலை உண்டு. 1949-இல் கராச்சியில் இந்தியாவும் பாகிஸ்தானும் போர்நிறுத்தக் கோட்டை எழுதியபோது, ஓர் இடம்வரை விவரமாகக் குறித்துவிட்டு, அதற்கு மேல் ‘அங்கிருந்து வடக்கே பனியாறுகளுக்கு’ என்று விட்டுவிட்டார்கள். அந்த இடம் வரைபடக் கட்டத்தின் எண்ணால் என்ஜே 9842 என்று அழைக்கப்படுகிறது. மனிதன் வாழாத இடத்துக்குக் கோடு எதற்கு என்று தோன்றியிருக்கலாம். 1984-லிருந்து இரு நாட்டுப் படைவீரர்களும் சியாச்செனை ஒட்டிய அந்தப் பனிமலைகளில் எதிரெதிரே நிற்கிறார்கள்.

இதையெல்லாம் நீங்களே பார்க்க விரும்பினால், பணம் செலவில்லை. விண்ணோடம் எடுத்த உயரத் தரவும், ஜெர்மனியின் இரட்டை ரேடார்ச் செயற்கைக்கோள்கள் 2010 கடைசியிலிருந்து 2015 தொடக்கம்வரை திரட்டியதை வைத்துச் செய்த கோபர்நிகஸ் உயரத் தரவும், இந்தியாவின் புவன் இணையதளத்தில் கார்டோசாட் தரவும் முப்பது மீட்டர் கட்ட அளவில் இலவசமாகக் கிடைக்கின்றன. கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் ஒன்றைத் திறந்து, நாற்பது மீட்டர் இடைவெளியில் சம உயரக் கோடுகள் போடச் சொன்னால் சில விநாடிகளில் போட்டுவிடும். முதலில் பால்டோரோவின் மேல்பகுதிக்குப் போய் வளைவு எந்த இடத்தில் திரும்புகிறது என்று தேடுங்கள். பிறகு விண்ணோடத் தரவையும் கோபர்நிகஸ் தரவையும் ஷிஷ்பரின்மேல் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் இடையே உயரத்தில் வித்தியாசம் தெரியும். ஆனால் பாலத்தை உடைத்த வெள்ளத்துக்கு அணை கட்டிய அந்தப் பனி நாக்கு இரண்டிலுமே இருக்காது. இரண்டும் 2018-க்கு முந்தையவை.